பிள்ளைகளுக்குப் பல சமயங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த சில நாளிலேயே நம் பிள்ளைகள் சமயங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள், அதுவும் பள்ளி கேண்டீனில். ஹலால் கடைத் தட்டை மற்ற கடைத் தட்டுகளோடு சேர்த்து வைத்துவிடக் கூடாது என்று ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார். உணவங்காடி நிலையத்துக்குப் போனாலும் தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடம் ஹலாலுக்குத் தனி, மற்றதற்குத் தனி. "ஏம்மா இப்படி?" என்று பிள்ளை கேட்கும். "அது அவங்க வழக்கம், நீ வா" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

அந்தக் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. முஸ்லிம்கள் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை, மற்ற இறைச்சியும் அவர்கள் சமயம் சொல்லும் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும், அதனால் பாத்திரங்கள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். இதைச் சொல்ல நாம் ஏன் தயங்குகிறோம் என்றால், சமயம் என்றாலே பிள்ளைகளிடம் பேசக் கூடாத விஷயம், ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவோம், யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் நாம் சொல்லாவிட்டால் வேறு யாரோ சொல்வார்கள், பெரும்பாலும் யூடியூபில், அதுவும் அரைகுறையாக. ஆகவே பெற்றோருக்கும், வார இறுதி வகுப்பு எடுக்கிறவர்களுக்கும், புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்தவர்களுக்கும் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு வித்தியாசம்

கோயில் வகுப்பில் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கிறார்கள். தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் பைபிள் கதைகள் சொல்கிறார்கள். இதெல்லாம் ஒரு சமயத்துக்குள்ளே பிள்ளையை வளர்ப்பது. அது குடும்பத்தின் வேலை, குடும்பத்தின் உரிமையும்கூட. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது கிடையாது.

இன்னொரு வகைக் கல்வி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எதை நம்புகிறார்கள், எதைச் செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று பிள்ளை அறிந்துகொள்வது. இங்கே பிள்ளை எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை, புரிந்துகொண்டால் போதும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது உலகம் முழுக்கப் பள்ளிக் கல்வியில் பெரிய விஷயம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963ல் ஒரு தீர்ப்பில், அரசுப் பள்ளியில் காலை வழிபாடாகப் பைபிள் வாசிக்க வைக்கக் கூடாது, ஆனால் சமயங்களைப் பற்றி நடுநிலையாகப் படிப்பதற்குத் தடை இல்லை என்று சொன்னது. ஐரோப்பாவில் 2007ல் இதே அடிப்படையில் பள்ளிகளுக்கான வழிகாட்டி நெறிகளை வகுத்தார்கள். டொலிடோ நெறிகள் என்று பெயர்.

நடைமுறையில் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும் என்றால், சொல்லும் வாக்கியத்தைக் கவனியுங்கள். "இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்" என்பது தேவாலயத்தில் சொல்கிற வாக்கியம். "இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்" என்பது வகுப்பறையில் சொல்கிற வாக்கியம். இரண்டாவதில் அந்த நம்பிக்கை யாருடையது என்பது தெளிவாக இருக்கிறது. கேட்கிற கிறிஸ்தவப் பிள்ளைக்கு மனம் நோகாது, கேட்கிற இந்துப் பிள்ளைக்கும் குழப்பம் வராது. சரி, மற்றவர் சமயத்துக்கு இப்படிச் சொல்வது சுலபம், தன் சமயம் என்று வரும்போதுதான் நாக்கு வழுக்கும். "முஸ்லிம்கள் நம்புவது, பௌத்தர்கள் நம்புவது" என்று சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் தைப்பூசம் வந்ததும் "முருகன் அன்றைக்குத்தான் அம்மாவிடம் வேல் வாங்கினார்" என்று முடித்துவிடுவார்கள். அங்கேயும் "என்று இந்துக்கள் சொல்கிறார்கள்" வர வேண்டும். அப்போதுதான் பிள்ளை எல்லாரையும் ஒரே அளவுகோலில் பார்க்கப் பழகும்.

சிங்கப்பூர் இதில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பிய நாடு. 1980களில் உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளில் சமய அறிவு என்று ஒரு பாடத்தைக் கொண்டுவந்து, 1984ல் கட்டாயமாக்கினார்கள். பைபிள், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம் ஆகியவற்றில் ஒன்றையோ, கன்ஃபூசிய நெறியையோ மாணவர் தேர்ந்தெடுக்கலாம். அதாவது பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் சமயத்தையே எடுத்துப் படித்தார்கள். அந்தக் காலகட்டத்தில் சமய ஈடுபாடும் மதமாற்ற முயற்சிகளும் கூடுவதாக அரசாங்கம் கவலைப்பட்டது, சமயங்களுக்கு நடுவே அரசு நடுநிலையாக இருக்க வேண்டும் என்று சொல்லி 1989ல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட முடிவு செய்தது. என் பார்வையில் அந்தப் பாடத்தில் குறையாக இருந்தது ஒன்றுதான்: ஒவ்வொருவரும் தன் அறைக்குள் உட்கார்ந்து தன் சமயத்தைப் படித்தார்கள், பக்கத்து அறையில் இருப்பவர் என்ன நம்புகிறார் என்பது யாருக்கும் போய்ச் சேரவில்லை. இன்று மதரஸாக்களையும் மிஷன் பள்ளிகளையும் தவிர்த்துப் பார்த்தால், தொடக்கப்பள்ளியில் சமயம் தனிப் பாடமாக இல்லை. சிசிஇ எனப்படும் நற்குணம், குடியியல் கல்விப் பாடத்திலும், சோஷியல் ஸ்டடீஸிலும், இன நல்லிணக்க நாளிலும், பண்டிகைக் கொண்டாட்டங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. மிச்சம் நம் கையில்.

இனம் வேறு, சமயம் வேறு

சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இது. சீனர் என்றால் புத்தர் கோயில், மலாய்க்காரர் என்றால் பள்ளிவாசல், இந்தியர் என்றால் மாரியம்மன் கோயில் என்று ஒரு படம் அவர்கள் மனத்தில் சீக்கிரமே விழுந்துவிடுகிறது. இன நல்லிணக்க நாளில் உடுத்தும் ஆடைகளும், பண்டிகைப் படங்களும் அதை இன்னும் கெட்டியாக்கும்.

தமிழ் வகுப்பே இதற்கு நல்ல மருந்து. ஒரு சாதாரணத் தமிழ் வகுப்பில் இந்துப் பிள்ளைகளோடு தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சுமார் 57 விழுக்காட்டினர் இந்துக்கள், 23 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 12 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமானோர் கிறிஸ்தவர்கள். ஆனால் தமிழ்ப் பயிற்சித் தாளில் தீபாவளியும் பொங்கலும் கோயிலுமே திரும்பத் திரும்ப வந்தால், ரியாஸுக்கும் ஜெசிந்தாவுக்கும் இந்த மொழி தங்களுடையது இல்லையோ என்று தோன்ற ஆரம்பிக்கும். இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888ல் எழுந்தது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயிலுக்கு அருகிலேயே இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது, 1826ல் தொடங்கியது, கோயிலைவிட ஒரு வருடம் மூத்தது. தெலுக் ஆயரில் நாகூர் தர்கா இருக்கிறது. இவற்றையும் தமிழர் வரலாறாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதே கணக்கெடுப்பில், மொத்த மக்களில் பௌத்தர்கள் 31 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 19, முஸ்லிம்கள் ஏறக்குறைய 16, தாவோயிஸ்டுகள் 9, இந்துக்கள் 5. நான் வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டேன்: எந்தச் சமயமும் இல்லை என்று சொன்னவர்கள் 20 விழுக்காடு. பௌத்தத்துக்கு அடுத்த பெரிய பிரிவே அவர்கள்தான். "எல்லாரும் ஏதாவது ஒரு சாமியைக் கும்பிடுகிறார்கள்" என்று வகுப்பில் சொன்னால் ஐந்தில் ஒருவரை வெளியே தள்ளிவிட்டதாக ஆகும். "சில குடும்பங்கள் எந்தச் சமயத்தையும் பின்பற்றுவதில்லை, அவர்களும் நல்லது கெட்டது பார்த்துத்தான் வாழ்கிறார்கள்" என்ற ஒரு வரி எப்போதும் கூடவே வர வேண்டும்.

"எல்லாம் ஒன்றுதான்" என்று முடித்துவிடாதீர்கள்

எம்மதமும் சம்மதம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மனசுக்கு நல்லது. ஆனால் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது "எல்லா மதமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது" என்று முடித்துவிட்டால், பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றே அர்த்தம். மேலும் அது உண்மையும் இல்லை.

பௌத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தைப் படைத்த கடவுள் என்ற எண்ணத்தை மையமாக வைத்த சமயம் அது இல்லை. புத்தர் ஒரு மனிதர், துன்பம் எதனால் வருகிறது, அதிலிருந்து எப்படி விடுபடுவது என்று கண்டறிந்தவர் என்று பௌத்தர்கள் நம்புகிறார்கள். "புத்தர்தான் அவங்க சாமி" என்று சொல்லிவிட்டால் சுலபம், ஆனால் தப்பான பிடி. கடைகளில் தொப்பையும் தொந்தியுமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் சிலையைக் காட்டி "இதோ புத்தர்" என்று சொல்கிறவர்களும் நிறைய. அது கௌதம புத்தர் இல்லை, புடாய் என்ற சீனத் துறவி. எதிர்காலத்தில் வரப்போகும் மைத்ரேய புத்தரின் வடிவம் என்று அவரைப் பலர் கருதுகிறார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் போகிற கடையிலெல்லாம் அம்மாவுக்குத் திருத்தம் சொல்வார்கள்.

டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது, தேக்காவுக்கு மிக அருகில். 1907ல் கட்ட ஆரம்பித்தது. அதன் முகப்பில் மேலே சூரியன் மாதிரி ஒரு வேலைப்பாடு, அதிலிருந்து 25 கதிர்கள் விரிகின்றன, கதிர்களில் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளை அங்கே நிறுத்திக் காட்டினால் ஒரு முழுப் பாடமே நடத்திவிடலாம். குர்ஆன் பெயர் சொல்லும் நபிமார்களில் இப்ராஹிம், மூஸா, ஈஸா ஆகியோர் உண்டு. பைபிள் படிக்கிற பிள்ளைக்கு இவர்கள் ஆபிரகாம், மோசே, இயேசு. உடனே கிறிஸ்தவப் பிள்ளை, "அப்போ எங்க இயேசுவைத்தான் அவங்களும் கும்பிடுறாங்களா?" என்று கேட்கும். இங்கேதான் நிதானமாகச் சொல்ல வேண்டும்: முஸ்லிம்கள் ஈஸாவை இறைவன் அனுப்பிய தூதர்களில் ஒருவராக மிகவும் மதிக்கிறார்கள், ஆனால் அவரை வணங்குவதில்லை, இயேசு கடவுளின் மகன் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள், யூதர்கள் இந்த இரண்டையும் ஏற்பதில்லை, ஆனால் ஆபிரகாமும் மோசேயும் அவர்களுக்கும் உரியவர்கள். கதையில் வருகிறவர்கள் பலர் ஒன்று, நம்பிக்கை வேறு. இந்த அளவுக்கு விளக்கினால் பிள்ளைக்குச் சண்டை போடத் தோன்றாது, "ஓ, அப்படியா" என்று கேட்டுக்கொள்ளும்.

நோன்பும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாரும் சாப்பிடாமல் இருக்கிறார்கள். ரமலான் மாதத்தில் முஸ்லிம்கள் வைகறையிலிருந்து சூரியன் மறையும்வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. குர்ஆன் அருளப்படத் தொடங்கிய மாதம் என்பதால் அதற்கு அவ்வளவு சிறப்பு, சின்னப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் கட்டாயம் கிடையாது. கத்தோலிக்கர்கள் இயேசு பாலைவனத்தில் இருந்த 40 நாளை நினைத்துத் தவக்காலம் அனுசரிக்கிறார்கள், புனித வெள்ளியன்று இறைச்சி சாப்பிட மாட்டார்கள். சஷ்டி விரதம் இருக்கிற நம் பாட்டி பால் பழம் எடுத்துக்கொள்வார். விசாக தினத்தில் எட்டு நெறிகளை ஏற்கும் பௌத்தர் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடுவதில்லை. பிள்ளைகளிடம் "யார் சாப்பிடுவதில்லை" என்பதோடு நிறுத்தாமல், "எப்போது, எதை, எதற்காக" என்று மூன்றையும் கேளுங்கள். எதற்காக என்ற இடத்தில்தான் ஒவ்வொரு சமயமும் தன் முகத்தைக் காட்டும்.

நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால் என் பதில் நாட்காட்டி. கடவுள், ஆன்மா, முக்தி என்று தொடங்கினால் எட்டு வயதுக்கு ஒன்றும் ஒட்டாது. பொது விடுமுறை எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும்.

மூன்று வருடத்தின் தேதிகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நோன்புப் பெருநாள்: 2024ல் ஏப்ரல் 10, 2025ல் மார்ச் 31, 2026ல் மார்ச் 21. தீபாவளி: 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20, 2026ல் நவம்பர் 8. சீனப் புத்தாண்டு: பிப்ரவரி 10, ஜனவரி 29, பிப்ரவரி 17. கிறிஸ்துமஸ்: மூன்று வருடமும் டிசம்பர் 25. ஒன்றும் விளக்காமல், "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் கண்டுபிடிப்பார்கள். கிறிஸ்துமஸ் அசையவே இல்லை. நோன்புப் பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. தீபாவளியும் சீனப் புத்தாண்டும் ஒரு வருடம் முன்னால் வந்து, அடுத்த வருடம் திடீரென்று பின்னால் குதிக்கின்றன, இரண்டுமே ஒரே மாதிரி 19 நாள்.

இப்போது காரணத்தைச் சொல்லலாம். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள், சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. இஸ்லாமிய நாட்காட்டி நிலவை மட்டும் பின்பற்றுகிறது, அந்த 11 நாளை ஈடுகட்டுவதில்லை. அதனால் ரமலான் எல்லாப் பருவங்களையும் சுற்றி ஏறக்குறைய 33 வருடத்தில் பழைய இடத்துக்கு வரும். 2030ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு ரமலான் தொடங்கும். இந்து நாட்காட்டியிலும் சீன நாட்காட்டியிலும் நிலவோடு சூரியனையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், சில வருடங்களுக்கு ஒரு முறை கூடுதல் மாதம் ஒன்றைச் செருகிச் சரிசெய்துகொள்கிறார்கள். அந்தக் குதி அதனால்தான். ஈஸ்டர் இன்னும் சுவாரசியம்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு, அதற்கு முந்தைய வெள்ளி புனித வெள்ளி. சீக்கியர்களின் வைசாகி சூரியனைப் பின்பற்றுவதால் நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வருகிறது.

2005ல் தீபாவளி நவம்பர் 1, நோன்புப் பெருநாள் நவம்பர் 3. இரண்டும் ஒரே வாரத்தில் வந்த அந்த வருடங்களைப் பெரியவர்கள் இன்னும் ஞாபகம் வைத்திருப்பார்கள், வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம். கணக்கு, அறிவியல், சமயம் மூன்றும் ஒரே தாளில் முடிந்துவிடும். யாருடைய கடவுளையும் யாரும் ஒப்பிட வேண்டிய அவசியமே வராது.

பெரிய பிள்ளைகள் அடுத்த கேள்விக்குப் போவார்கள்: தைப்பூசத்துக்கு ஏன் விடுமுறை இல்லை? 1968ல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது எல்லாச் சமூகங்களும் சிலவற்றை விட்டுக்கொடுத்தன. இந்துக்களுக்குத் தைப்பூசம் போனது, முஸ்லிம்களுக்கு நபிகள் பிறந்தநாள் போனது, கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டர் திங்கள் போனது. தீபாவளி நின்றது.

பண்டிகைக்கு அப்பால் போக நினைக்கிறவர்களுக்கு நினியன் ஸ்மார்ட் என்ற அறிஞரின் பட்டியல் உதவும். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967ல் சமயவியல் துறையைத் தொடங்கியவர் அவர். எந்தச் சமயத்தையும் ஏழு பக்கங்களிலிருந்து பார்க்கலாம் என்றார்: சடங்கு, கதை, உள்ளனுபவம், கோட்பாடு, ஒழுக்கநெறி, சமூக அமைப்பு, கட்டடமும் பொருள்களும். தொடக்கப்பள்ளியில் ஏழும் வேண்டாம். கதை, சடங்கு, பொருள் இந்த மூன்றே போதும், மற்றவை பின்னால் தானாக வரும்.

ஏழாம் மாதத்தில் ஒரு மாலை

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இரும்புத் தொட்டியில் காகிதம் எரிந்துகொண்டிருக்கும், புல்லோரம் ஆரஞ்சு, சோறு, ஊதுபத்தி வைத்திருப்பார்கள். நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "பேய் மாசம், அந்தப் பக்கம் போகாதே." பிள்ளைக்கு அதில் போய்ச் சேர்வது பயம் மட்டும்தான், கூடவே பக்கத்து வீட்டு ஆன்ட்டியைப் பற்றி ஒரு கோணலான எண்ணமும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள். "இந்த மாதம் இறந்தவர்களின் ஆவிகள் இந்த உலகத்துக்கு வந்து போகும் என்று தாவோயிஸ்டுகளும் பௌத்தர்கள் பலரும் நம்புகிறார்கள். தங்கள் தாத்தா பாட்டியை நினைத்துப் படையல் வைக்கிறார்கள். சொந்தம் யாரும் இல்லாத ஆவிகள் பசியோடு இருக்குமே என்று அவற்றுக்கும் வைக்கிறார்கள். எரிக்கிற காகிதம் அந்த உலகத்தில் அவர்களுக்குப் பணமாகவும் துணியாகவும் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. அதனால் நாம் படையலை மிதிக்காமல் சுற்றிப் போவோம்." அந்த மாதம் நடக்கும் கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருப்பதைக் காட்டி, அது யாருக்கு என்று கேளுங்கள், பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள். ஆடி, தை அமாவாசைகளில் அப்பா தாத்தாவுக்குப் படைப்பதைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு இது நன்றாகவே பிடிபடும். இரண்டும் ஒன்று என்று சொல்ல வேண்டாம், பிள்ளையே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மூடநம்பிக்கை, விசித்திரம், வேடிக்கையாக இருக்கு, இந்த மாதிரி வார்த்தைகளை அறவே தவிர்த்துவிடுங்கள். நாம் அலகு குத்தித் தேக்காவிலிருந்து தேங்க் ரோட்டுக்கு நடப்பதைப் பார்க்கிற ஒரு சீனப் பிள்ளையின் அம்மா என்ன சொல்ல வேண்டும் என்று விரும்புவோமோ, அதைத்தான் நாமும் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாத சில

வழிபாட்டை நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். "வா, எல்லாரும் தொழுகை செய்து பார்ப்போம்" என்பது ஒரு முஸ்லிமுக்கு விளையாட்டு இல்லை, மற்றப் பிள்ளையின் பெற்றோருக்கும் அது சம்மதமாக இருக்காது. பார்க்கலாம், கேட்கலாம், படம் பிடிக்க அனுமதி கேட்டுப் பிடிக்கலாம். பொங்கல் பானைக்கு வண்ணம் தீட்டுவதும், பிறை நிலா வெட்டி ஒட்டுவதும் வேறு. நபிகளின் உருவத்தை வரையச் சொல்லும் பயிற்சி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். முஸ்லிம்கள் அவர் உருவத்தை வரைவதைத் தவிர்க்கிறார்கள் என்பதையே பாடமாகச் சொல்லலாம்.

வகுப்பில் இருக்கிற ஒரே சீக்கியப் பிள்ளையை எழுப்பி, "உங்க ஆளுங்க ஏன் முடி வெட்டுவதில்லை, சொல்லு" என்று கேட்காதீர்கள். அதற்கு எட்டு வயது. தெரியாமல் விழித்தால் அவமானம், தப்பாகச் சொன்னால் வகுப்பு முழுக்க அதையே நம்பும். தானாக முன்வந்து சொல்கிற பிள்ளையைச் சொல்லவிடுங்கள், அதையும் "உன் வீட்டில் இப்படிச் செய்கிறீர்கள்" என்று எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாச் சீக்கியர் பேரிலும் எழுதிவிடாதீர்கள். ஒரே சமயத்துக்குள்ளும் வீட்டுக்கு வீடு மாறும்.

கஷ்டமான கேள்விகள்

"எந்தச் சாமி நிஜம்?" இது கட்டாயம் வரும். வீட்டில் பெற்றோராக நீங்கள் தாராளமாக "நாங்கள் இதை நம்புகிறோம்" என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கூடவே, "உன் நண்பன் வீட்டில் வேறு பதில் சொல்வார்கள், அவர்களுக்கும் அது இதே அளவு முக்கியம்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியராக இருந்தால் முதல் பாதியைச் சொல்லக் கூடாது. "இதற்கு ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு பதில் சொல்லும், வீட்டில் கேள்" என்பது நழுவல் கிடையாது, அதுதான் சரியான பதில்.

"சாமி கும்பிடலைன்னா நரகத்துக்குப் போவேன்னு ஃப்ரெண்ட் சொன்னான்." பிள்ளை இதைப் பயந்துபோய்ச் சொல்லும். முதலில் பயத்தைப் பாருங்கள், நண்பனைத் திட்டாதீர்கள், அவன் வீட்டில் கேட்டதைச் சொல்லியிருக்கிறான். "சில சமயங்களில் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. நம் வீட்டில் நாம் அப்படி நினைப்பதில்லை. அடுத்த முறை சொன்னால், எனக்கு அது பிடிக்கலை என்று சொல்லிவிடு." அதற்கு மேலும் தொடர்ந்தால் ஆசிரியரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

செய்தியில் குண்டு வெடித்த நாளில் கேள்வி வரும். செய்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள், ஒரு சமயத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். பதினொரு பன்னிரண்டு வயதில் 1964 கலவரத்தைப் பற்றியும் பேசலாம். அந்த ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மோதல் தொடங்கியது, அந்த மாதக் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். இன நல்லிணக்க நாள் ஏன் அந்தத் தேதியில் வருகிறது என்று தெரியாமலே ஆறு வருடம் பாரம்பரிய உடை போட்டுப் பள்ளிக்குப் போய்வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடக்கநிலை ஐந்து, ஆறில் இதைச் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

"இதெல்லாம் படித்தால் பிள்ளை மாறிவிடுமோ" என்று கேட்கிற பெற்றோர் உண்டு. தன் சமயத்தை வீட்டில் அன்போடு பார்த்து வளர்கிற பிள்ளைக்கு மற்றவர் சமயத்தைத் தெரிந்துகொள்வதால் ஒரு குறையும் வராது. பெரும்பாலும் திரும்பி வந்து, "நாம ஏன் திருநீறு பூசுறோம்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குத்தான் நாம் தயாராக இருக்க வேண்டும்.

நேரில் போய்ப் பாருங்கள்

ஒரு காலை போதும். வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. கருணைத் தெய்வமான குவான் இம்மை வணங்கிவிட்டு வருகிற சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். அதே தெருவில் 1878ல் கட்டிய மகேன் அபோத் யூத ஆலயம், உள்ளே போக முன்பே அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் ஒரு யூதர் என்பதை அங்கே நின்றபடி சொல்லலாம்.

தெலுக் ஆயரில் தியான் ஹொக் கெங் கோயில், நாகூர் தர்கா, அல்-அப்ரார் பள்ளிவாசல் மூன்றும் நடக்கிற தூரம். அல்-அப்ராருக்குத் தமிழில் குச்சுப் பள்ளி என்று பெயர், முதலில் குடிசையாக இருந்ததால். இந்தக் கட்டடங்கள் ஏன் ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் கடல் அந்தத் தெருவரைக்கும் இருந்தது; கப்பலில் உயிரோடு வந்து இறங்கியவர்கள், சீனர்களும் தமிழர்களும், கரையிலேயே நன்றி சொல்ல இடம் தேடிக்கொண்டார்கள்.

போவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி எழுதி வரட்டும், "இது என்ன?", "இதை ஏன் செய்கிறீர்கள்?" என்ற மாதிரி. தோளும் முட்டியும் மூடிய உடை, கழற்றச் சுலபமான செருப்பு. சுல்தான் பள்ளிவாசலில் வருகையாளர்களுக்கு மேலங்கி தருவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், அப்போது வேண்டாம். டவுனர் ரோட்டில் இருக்கும் மத்திய சீக்கியர் ஆலயத்துக்குப் போனால் தலையை மூடத் துணி எடுத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் கிடைக்கும். லங்கர் என்ற பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் சாப்பாடு உண்டு, சைவம், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பிள்ளைகள் அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரட்டும், கேள்விகளை அதற்குப் பிறகு கேட்கலாம்.